சூப்பர்சார்ஜர் காருக்கு எந்த இன்டர்கூலர்? தொடக்கநிலை வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

"பெரிய இன்டர்கூலராகப் போடு, பவர் தானாக வரும்." நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கார்ப் பைத்தியம் உள்ள நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். "தண்ணீர் டைப் போட்டால் ஏசி மாதிரி குளிரும்" என்பார் இன்னொருவர். ரேடியேட்டரும் இன்டர்கூலரும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்றுமே தவறு. இந்தப் பேச்சை நம்பிப் பணத்தைக் கொட்டியவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது, பம்பருக்குப் பின்னால் பளபளக்கும் ஓர் அலுமினியப் பெட்டியும் முன்பைவிட மந்தமான இழுவையும்தான்.

சூப்பர்சார்ஜர் என்பது என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பம்ப், அந்தக் காற்றின் சூட்டை எடுப்பது இன்டர்கூலர். சூப்பர்சார்ஜர் உள்ள கார்கள் நம் மாவட்டத்தில் அதிகம் இல்லை. பின்பக்கம் 'கொம்ப்ரசர்' என்று எழுதிய பழைய மெர்சிடிஸ் சி-கிளாஸ், 3.0 டிஎஃப்எஸ்ஐ என்ஜின் உள்ள ஆடி போன்ற வண்டிகளைச் சிலர் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆசையாக வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கும், இனி வாங்க நினைப்பவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை. டர்போ டீசல் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்டர்கூலரின் அளவைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு, சூப்பர்சார்ஜர் என்ஜினில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, உங்கள் கால் ஆக்சிலேட்டரை எவ்வளவு நேரம் தொடர்ந்து மிதிக்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

காற்றை அமுக்கினால் ஏன் சுடுகிறது?

ஒரு கிலோ பெட்ரோலை ஒழுங்காக எரிக்க ஏறத்தாழ 14 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை அதிகம் ஊற்றுவது எளிது. அதற்கு ஈடான காற்றை உள்ளே அனுப்புவதுதான் கஷ்டம். அந்தக் காற்றை அமுக்கித் திணிக்கும் பம்ப்தான் சூப்பர்சார்ஜர். இது என்ஜினின் கிராங்க் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் மூலம் சுற்றுகிறது. டர்போ புகைக்காற்றின் வேகத்தால் சுற்றும். செய்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலாகத் திணிக்கிறோமோ அதற்குப் பெயர் பூஸ்ட். பூஸ்ட் 0.5 பார் என்றால், வெளியில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு அழுத்தம் உள்ளே இருக்கிறது என்று பொருள். பிஎஸ்ஐ கணக்கில் இது 7-க்குச் சற்று மேல்.

சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கச் செலவழித்த உழைப்பு அந்தக் காற்றிலேயே வெப்பமாகத் தங்குகிறது. சூப்பர்சார்ஜரிலும் இதேதான், வேகம் மட்டும் பல மடங்கு. நம் ஊர்க் கோடை மதியத்தில் 35 டிகிரி செல்சியஸ் காற்று உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.5 பார் பூஸ்ட்டுக்கு அமுக்கினால், குறையே இல்லாத பம்பாக இருந்தாலும் அது 73 டிகிரிக்கு ஏறிவிடும். ஆனால் எந்த பம்பும் அவ்வளவு சுத்தமாக வேலை செய்வதில்லை. ரூட்ஸ் என்ற பழைய வகை சூப்பர்சார்ஜரின் திறனை 60 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், வெளியே வரும் காற்று ஏறக்குறைய 98 டிகிரி. தண்ணீர் கொதிக்கும் சூட்டை நெருங்கிவிட்டது.

இந்தச் சூட்டால் இரண்டு கெடுதல். சூடான காற்று விரிந்து லேசாகிவிடும் என்பதால், அதே இடத்தில் அடங்கும் காற்றின் எடை குறைகிறது. இரண்டாவது இன்னும் மோசமானது. சிலிண்டருக்குள் போகும் காற்று சூடாக இருந்தால், ஸ்பார்க் பிளக் வைத்த தீ பரவி வருவதற்குள் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். இதைத்தான் நாக்கிங் என்கிறோம். உலோகத்தைத் தட்டுவது போன்ற அந்தச் சத்தம் தொடர்ந்தால் பிஸ்டனே உடையலாம். அதனால் இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் நாக்கிங்கை உணர்ந்ததும் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திவிடும். என்ஜின் தப்பிக்கும், இழுவை போய்விடும். "காலையில் நன்றாக ஓடுகிற கார் மத்தியானம் செத்துப்போகிறது" என்று சொல்பவர்களின் புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அமுக்கினால் காற்று சூடாகிறது, சூடான காற்று லேசாகிறது, நாக்கிங்கையும் கொண்டுவருகிறது. ஆகவே சூப்பர்சார்ஜருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் எங்காவது அந்தச் சூட்டை எடுத்துவிட வேண்டும்.

இன்டர்கூலர் செய்வதும் செய்யாததும்

அந்த வேலையைச் செய்வதுதான் இன்டர்கூலர். உள்ளே மெல்லிய வழிகள், அவற்றுக்கு வெளியே மெல்லிய அலுமினியத் தகடுகள். இந்தப் பகுதிக்குக் கோர் என்று பெயர். உள்ளே சூடான காற்று போகும், வெளியே குளிர்ந்த ஏதோ ஒன்று ஓடும். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கை மாறும். ரேடியேட்டர் என்ஜினின் உடம்புச் சூட்டை எடுக்கிறது. இன்டர்கூலர் என்ஜின் குடிக்கப் போகும் காற்றின் சூட்டை எடுக்கிறது.

இது ஏசி இல்லை. கம்ப்ரஸர், கேஸ் எதுவும் இதில் கிடையாது. எனவே வெளிக்காற்று 35 டிகிரி என்றால், உலகத்திலேயே விலை உயர்ந்த இன்டர்கூலரைப் போட்டாலும் காற்று 35-க்குக் கீழே வராது. எவ்வளவு நெருங்குகிறது என்பதுதான் அதன் தரம். 98 டிகிரியில் நுழைந்த காற்று 35 வரை இறங்க 63 டிகிரி இருக்கிறது. அதில் முக்கால் பங்கை எடுத்தால் காற்று ஏறக்குறைய 51 டிகிரியில் வெளியே வரும். தெருவில் ஓடும் காருக்கு அது நல்ல வேலை.

அப்படி 98-லிருந்து 51-க்கு இறங்கினால், அழுத்தம் மாறாதவரை காற்று 14 சதவீதம் அடர்த்தியாகும். ஆனால் அழுத்தம் மாறாமல் இருக்காது. அந்த மெல்லிய வழிகளில் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது காற்று கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். இதற்கு அழுத்த இழப்பு என்று பெயர். 0.07 பார், அதாவது ஒரு பிஎஸ்ஐ போனால் அடர்த்தியில் ஏறக்குறைய 5 சதவீதம் போய்விடும். மிஞ்சுவது 9 சதவீத லாபம். மட்டமான கோரும், தேவைக்கு மேல் வளைந்து நெளியும் குழாயும் சேர்ந்தால் அந்த 9-ம் கரைந்துவிடும். நாக்கிங் குறைவதால் கிடைக்கும் லாபம் தனி, அது பெரும்பாலும் இதைவிடப் பெரியது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். இன்டர்கூலர் போட்ட மறுநாள் சிலர் பூஸ்ட் மீட்டரைப் பார்த்துப் பதறுவார்கள், முள் முன்பைவிடக் கீழே நிற்கிறது என்று. ரூட்ஸ் போன்ற சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளுகிறது. அந்தக் காற்று குளிர்ந்து சுருங்கினால், அதே இடத்தில் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். அழுத்தம் குறைந்தும் என்ஜினுக்குள் போகும் காற்றின் எடை குறையவில்லை, நாக்கிங் பயமும் தணிந்திருக்கிறது. எனவே மீட்டரில் சிறிது இறங்கியதற்காகச் சின்ன புல்லி மாட்டி சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுற்ற வைக்காதீர்கள். எடுத்த சூட்டை அது திரும்பக் கொண்டுவந்துவிடும்.

நம் கடலோரத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. 30 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் நீராவிதான். அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவு. அதை எந்த இன்டர்கூலராலும் சரிசெய்ய முடியாது. மழைக்கு முந்தைய புழுக்கமான மாலையில் கார் கொஞ்சம் சோம்பலாகத் தெரிந்தால் உடனே பாகத்தை மாற்ற ஓட வேண்டாம்.

காற்றா, தண்ணீரா?

இன்டர்கூலரில் இரண்டு வகை. இந்த இடத்தில்தான் வாக்குவாதம் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கொதிக்கும் சாயாவை உயரத் தூக்கி ஆற்றலாம், அல்லது டம்ளரை ஒரு சட்டித் தண்ணீரில் வைக்கலாம். ஆற்றுகிற கை நின்றால் ஆறுவதும் நின்றுபோகும், ஆனால் எத்தனை டம்ளர் வந்தாலும் ஆற்றிக்கொண்டே இருக்கலாம். சட்டியில் வைத்த சாயா சட்டென்று ஆறும், யாரும் கை அசைக்க வேண்டாம். ஆனால் டம்ளர் மேல் டம்ளராக வைத்துக்கொண்டே போனால் சட்டித் தண்ணீரே சூடாகிவிடும். அப்புறம் தண்ணீரை மாற்றினால்தான் உண்டு.

முதல் வகை காற்று இன்டர்கூலர். பம்பருக்குப் பின்னாலோ பானெட்டுக்குக் கீழேயோ இருக்கும். கார் ஓடும்போது எதிர்க்காற்று அதன் மேல் வீசிச் சூட்டை எடுத்துக்கொள்ளும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை. கார் நின்றால் மட்டும் வேலையும் நின்றுவிடும்.

இரண்டாவது வகை தண்ணீர் இன்டர்கூலர். இதில் சூடான காற்று தன் சூட்டைத் தண்ணீரிடம் கொடுக்கும். மின்சார பம்ப் அந்தத் தண்ணீரை முன்பக்கத்தில் உள்ள ஒரு சின்ன ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே தண்ணீர் தன் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும். சட்டித் தண்ணீரை மாற்றும் வேலையைச் செய்வது அந்த முன்பக்க ரேடியேட்டர்தான். இது என்ஜின் கூலண்டோடு சேராத தனிச் சுற்று. என்ஜின் கூலண்ட் 90 டிகிரியில் ஓடுகிறது, அதை இதில் இணைத்தால் காற்றைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடாக்கத்தான் செய்யும்.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். 200 குதிரைத்திறன் என்ஜின் முழு ஆக்சிலேட்டரில் நொடிக்கு ஏறத்தாழ 150 கிராம் காற்றை இழுக்கும். அதை 98-லிருந்து 51-க்கு இறக்க, 7 கிலோவாட் அளவு சூட்டை எடுக்க வேண்டும். தண்ணீர்ச் சுற்றில் 8 லிட்டர் இருக்கிறது, முன்பக்க ரேடியேட்டர் துளியும் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 10 நொடி முழு மிதியில் தண்ணீர் 2 டிகிரிதான் ஏறும். ஒரு லாரியை முந்துவதற்கு அது தாராளம். ஒரு நிமிடம் தொடர்ந்து மிதித்தால் 13 டிகிரி ஏறும். ஐந்து நிமிடம் என்றால் 60-ஐத் தாண்டும், அதாவது அந்தத் தண்ணீரால் இனி எதையும் குளிர்விக்க முடியாது. இப்படி இன்டர்கூலரே சூடேறிப் பயனற்றுப் போவதைத்தான் ஹீட் சோக் என்கிறார்கள். காற்று வகையிலும் இது வரும், டிராஃபிக்கில் நிற்கும்போது. தண்ணீர் வகைக்கு வருவது தொடர்ந்து மிதிக்கும்போது.

ஆகவே எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. குறுகிய நேரம் பலமாக மிதித்து, நடுநடுவே ஓய்வு கொடுக்கும் ஓட்டத்துக்குத் தண்ணீர். நீண்ட நேரம் ஒரே வேகத்தில் சுமையோடு போகும் ஓட்டத்துக்குக் காற்று.

முதலில் பானெட்டைத் திறங்கள்

இவ்வளவு வாதம் செய்தாலும், பல கார்களில் முடிவை நமக்கு முன்பே சூப்பர்சார்ஜர் எடுத்துவிட்டிருக்கும்.

ரூட்ஸ் வகையும் அதன் நெருங்கிய உறவான ட்வின்-ஸ்குரூ வகையும் பெரும்பாலும் என்ஜினின் தலைமேல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் மீதே உட்கார்ந்து காற்றை நேராக உள்ளே தள்ளும். அங்கே குழாயை முன்பக்கம் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர இடமே இல்லை. அதனால் சூப்பர்சார்ஜருக்கும் என்ஜினுக்கும் நடுவில் தண்ணீர் ஓடும் ஒரு கோரை அடக்கமாக வைத்துவிடுவார்கள். ஆடி 3.0 டிஎஃப்எஸ்ஐயில் இந்தக் கோர்கள் சூப்பர்சார்ஜரின் உடம்புக்குள்ளேயே இருக்கின்றன. ஜாகுவார், லேண்ட் ரோவரின் 5 லிட்டர் வி8-லும் தண்ணீர் வகைதான். இந்தக் கார்களில் கோரை மாற்றுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். முன்பக்க ரேடியேட்டர், பம்ப், தண்ணீரின் அளவு, இந்த மூன்றிலும்தான் உங்களால் ஏதாவது செய்ய முடியும்.

விசிறி போன்ற சக்கரம் வேகமாகச் சுழன்று காற்றைத் தள்ளும் சென்ட்ரிஃப்யூகல் வகை வேறு மாதிரி. ஆல்டர்னேட்டர் போல என்ஜினின் பக்கவாட்டில் தொங்கும், வெளியேறும் காற்று ஒரு குழாய் வழியாகத்தான் போகும். அந்தக் குழாயை முன்பக்கம் திருப்புவது எளிது என்பதால் காற்று இன்டர்கூலர் இயல்பாகவே பொருந்திவிடும். ரூட்ஸ் வகையையே பக்கவாட்டில் வைத்துக் குழாய் இழுத்த கார்களும் உண்டு. மெர்சிடிஸின் நான்கு சிலிண்டர் கொம்ப்ரசர் அப்படித்தான். முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ்ஸில் காற்று இன்டர்கூலரை என்ஜினுக்கு மேலேயே வைத்து, பானெட்டில் ஒரு துளை போட்டிருக்கிறார்கள். குழாய் குட்டையாக இருப்பதால் மிதித்தவுடன் இழுக்கும், ஆனால் சிக்னலில் நின்றால் என்ஜினின் சூடு முழுவதும் அதன் மேல்தான் ஏறும்.

நம் சாலைகளில்

வெட்டூர்ணிமடத்திலிருந்து வடசேரி வரை ஊர்ந்து போவதும், களியக்காவிளையில் காத்துக் கிடப்பதும்தான் உங்கள் அன்றாடம் என்றால், எதிர்க்காற்று என்பது உங்களுக்கு அபூர்வம். இருந்தாலும் ஊர்ந்து போகும்போது பூஸ்ட்டும் இருக்காது. கால் லேசாக இருக்கும் நேரத்தில் பைபாஸ் வால்வு திறந்து, சூப்பர்சார்ஜர் அமுக்காமல் சும்மா சுற்றும். பிரச்சினை டிராஃபிக்கைத் தாண்டி, மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறி மிதிக்கும் அந்த முதல் சில நொடிகளில்தான். அப்போது சூடேறிக் கிடக்கும் காற்று இன்டர்கூலர் கைவிடும், தண்ணீர் வகை காப்பாற்றும்.

அதுவே காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் மதுரை வரை அடிக்கடி போகிறவர் என்றால் நான் காற்று வகையைத்தான் சொல்வேன். நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்றுக்குப் பஞ்சமில்லை, பம்ப் கெட்டுவிடுமோ என்ற கவலையும் இல்லை.

கஷ்டமான இடம் மலை. 22 கொண்டை ஊசி வளைவுகளில் பொன்முடி ஏறும்போது வேகம் குறைவு, சுமை அதிகம். எதிர்க்காற்றும் இல்லை, தண்ணீருக்கு ஓய்வும் இல்லை. இங்கே எந்த வகையாக இருந்தாலும் முன்பக்கத்தில் ஒரு மின்விசிறி இருப்பதுதான் பெரிய உதவி. இன்டர்கூலரின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட இதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம்.

வாங்கும்போது

காற்று வகைக் கோரில் பார்-பிளேட், டியூப்-ஃபின் என்று இரண்டு அமைப்பு. முன்னது கனமானது, உறுதியானது, கொஞ்சம் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். பின்னது லேசானது, எதிர்க்காற்றைப் பின்னால் உள்ள ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்ஸருக்கும் எளிதாக விடும். ஏசி இல்லாமல் கார் ஓட்ட முடியாத நம் ஊரில், முன்பக்கத்தை முழுவதும் அடைக்கும் கனமான கோரை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலேயும் கீழேயும் மூடாமல் விட்ட பெரிய கோரைவிட, பம்பர் துளையிலிருந்து வரும் காற்று சிதறாமல் நேராக வந்து படும்படி தகடு வைத்து மறைத்த நடுத்தரக் கோர் நன்றாக வேலை செய்யும்.

குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் உப்பை நினைவில் வையுங்கள். உப்புக்காற்று மெல்லிய அலுமினியத் தகடுகளை அரிக்கும். அவ்வப்போது நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினால் போதும், சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பைப்பை அருகில் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். தண்ணீர்ச் சுற்றில் கிணற்று நீரோ போர் தண்ணீரோ ஊற்ற வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரில் அரிப்பைத் தடுக்கும் கூலண்ட்டைக் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, ஆகவே குளிர்நாட்டுக்காரர்கள் போல பாதிக்குப் பாதி கலக்கத் தேவையில்லை. கூலண்ட் கூடக் கூடத் தண்ணீர் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. சூப்பர்சார்ஜர் இல்லாத காரில் புதிதாக கிட் வாங்கி மாட்ட நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பு ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

எது குறை என்று கண்டுபிடிப்பது

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்பு, இருப்பதை அளந்து பாருங்கள். ஓபிடி சாக்கெட்டில், அதாவது காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் இணைப்பில், மாட்டும் சின்னக் கருவி ஒன்றும் போனும் போதும். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையை அது காட்டும். அந்த சென்சார் இன்டர்கூலருக்கு அப்பால், என்ஜின் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் மெக்கானிக்கிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். காற்று இன்டர்கூலருக்குள் நுழைவதற்கு முன்பே சென்சார் இருந்தால் அந்த எண்ணால் பயனில்லை. விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரே சாலையில், வேக வரம்புக்குள், இரண்டாவது கியரில் சில முறை முழுமையாக மிதித்துப் பாருங்கள். போனைப் பார்க்கப் பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும்.

நின்றிருக்கும்போது எண் ஏறி, கார் நகர்ந்ததும் மளமளவென்று இறங்கினால், கோர் நன்றாகத்தான் இருக்கிறது. காற்றுப்போக்குதான் போதவில்லை, தகடோ விசிறியோ வைத்தால் தீரும். முதல் மிதியில் எண் சரியாக இருந்து ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால், தண்ணீர்ச் சுற்றில் குறை. முன்பக்க ரேடியேட்டர் சின்னதாக இருக்கலாம், ஆனால் அதற்கு முன் பம்பைப் பாருங்கள். பம்ப் நின்றுபோனால், கம்பெனி வைக்காமல் பிறகு வெளியில் சேர்த்த சுற்றுகளில் பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது. பம்ப் ஓடும்படி வைத்து டேங்க் மூடியைத் திறந்தால் தண்ணீர் சுழல்வது தெரிய வேண்டும். குமிழி வந்துகொண்டே இருந்தால் சுற்றில் காற்று அடைத்திருக்கிறது. டேங்க் மற்ற எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தால்தான் அது வெளியேறும்.

வெப்பநிலை நன்றாக இருந்து, அதிக ஆர்பிஎம்மில் மட்டும் பூஸ்ட் விழுந்தால் ஹோஸ் இணைப்புகளில் கசிவு இருக்கலாம். கிளாம்ப்களை இறுக்கிவிட்டு, அந்தக் காற்றுக் குழாய்களில் லேசான காற்றழுத்தம் கொடுத்து சோப்புத் தண்ணீர் தடவினால் தெரிந்துவிடும். கசிவும் இல்லை என்றால் சூப்பர்சார்ஜர் பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். பழைய பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய டென்ஷனர் தளர்வதும் தரும் அறிகுறி இன்டர்கூலர் அடைப்பு தரும் அறிகுறியைப் போலவே இருக்கும், சரிசெய்யும் செலவோ அதில் ஒரு சிறு பங்குதான்.